ஊமைப் பேங்கர்

சென்ற மாதம் ரயில் டிரைவர்களின் பயிற்சி வகுப்பில் பேச என்னை அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவர், மலைப்பாதையில் பல வருடம் சரக்கு வண்டி ஓட்டியவர் என்று அறிமுகம் செய்து பொன்னாடை போட்டார்கள். எனக்கு முன்னால் பாடம் எடுத்த பயிற்றுநர், கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்த ஒருவரைப் பார்த்து, "என்னய்யா, ரஹீம் பாய் வேலை பண்றியா?" என்றார். வகுப்பே சிரித்தது.

"யாருங்க சார் ரஹீம் பாய்?" என்று ஒருவர் கேட்டார்.

"முன்னால ஒரு பேங்கர் டிரைவர். முன் இன்ஜின்ல பிரேக் போட்டதுகூடத் தெரியாம பின்னால தள்ளிக்கிட்டே இருந்தாரு. வேன் சாஞ்சு கார்டுக்குக் கால் போச்சு. தூங்கிட்டாருன்னு பேச்சு."

மறுபடியும் சிரிப்பு. நான் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தேன். அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் முறை வந்ததும் ஏற்றத்தில் சக்கரத்துக்கு மணல் விடுவது எப்படி என்று முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, கைதட்டலும் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் பொன்னாடையைக் கழற்றி எறிந்தேன். கோபம். அந்தப் பயிற்றுநர் மேல் அல்ல. அவர் கேள்விப்பட்டதைச் சொன்னார். அவர் கேள்விப்பட்ட கதையை உண்டாக்கியவன் நான்.

வகுப்பில் இருந்தவர்கள் தங்கள் ஆண்டு மலருக்கு என் பணி அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதியிருக்கிறேன். இதை அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

1. கண்ணைக் கட்டிக்கொண்டு தள்ளுவது

சேலத்துச் சமவெளியில் சரக்கு வண்டி ஓட்டுவது ஒரு வேலை. அதையே மேட்டுநிலத்துக்கு ஏற்றுவது வேறு வேலை. ஸ்டேஷன் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. இன்று அங்கே இருப்பவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடிவார ஸ்டேஷன், உச்சி ஸ்டேஷன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வளைவுகள், பாறையை வெட்டிய பள்ளங்கள், விடாத ஏற்றம்.

முன்னால் இருக்கும் இன்ஜின் தனியாக இழுத்தால் பாதி வழியில் சக்கரம் வழுக்கும். அதனால் அடிவாரத்தில் இன்னொரு டீசல் இன்ஜின் காத்திருக்கும். வண்டியின் கடைசியில், கார்டு உட்கார்ந்திருக்கும் பிரேக் வேனுக்குப் பின்னால் வந்து சேர்ந்து உச்சிவரை தள்ளும். அதுதான் பேங்கர்.

முன் டிரைவருக்குப் பாதை தெரியும், சிக்னல் தெரியும். பேங்கர் டிரைவருக்குத் தெரிவது பிரேக் வேனின் முதுகு மட்டுமே. அரைக் கிலோமீட்டருக்கும் மேல் முன்னால் ஓட்டும் நான் என்ன செய்கிறேன் என்பதை அவருக்குத் தப்பாமல் சொல்லக்கூடியது ஒன்றுதான், பிரேக் பைப். முன் இன்ஜினிலிருந்து எல்லாப் பெட்டிகளுக்கும் அடியில் ஓடும் காற்றுக்குழாய் அது. அதைப் பேங்கரோடு மாட்டிவிட்டால், நான் பிரேக் போட்டவுடன் அவருடைய கேஜில் முள் இறங்கும். அவர் இன்ஜினும் பிரேக் பிடிக்கும். மாட்டாவிட்டால் அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு தள்ளுகிறார்.

பைப் மாட்டாமல் வெறுமனே முட்டுக் கொடுத்துத் தள்ளும் இன்ஜினை ஊமைப் பேங்கர் என்போம். அது விதிக்கு முற்றிலும் விரோதம். ஆனால் தனிப்பெயர் வைத்துக் கூப்பிடும் அளவுக்கு வழக்கமாகிப் போயிருந்தது.

2. இருபது நிமிடம்

பைப்பை மாட்டி, காற்று நிரப்பி, முன்னாலிருந்து ஒருமுறை பிரேக் போட்டுப் பின்னால் முள் இறங்குகிறதா என்று பார்க்க இருபது நிமிடம் ஆகும். உச்சியில் வண்டியை நிறுத்திக் கழற்ற இன்னொரு பத்து நிமிடம். ஊமைப் பேங்கருக்கு இதெல்லாம் வேண்டாம். வந்து முட்டும், தள்ளும், உச்சி வந்ததும் தானாகப் பின்தங்கி நின்றுவிடும். அரைமணி நேரம் மிச்சம் என்று வண்டிகளைப் போகவிடும் கன்ட்ரோல் அறைக்குச் சந்தோஷம்.

பைப் மாட்டிச் சோதித்தாயிற்று என்பதற்கு ஒரு தாள் உண்டு. முன் டிரைவர், கார்டு, பேங்கர் டிரைவர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். பேங்கர் இன்னும் பக்கத்து லைனை விட்டு நகராதபோதே, ஒரு கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு மறு கையால் அதில் கையெழுத்துப் போடுவோம். ஸ்டேஷன் மேசையில் அந்தத் தாளின் மேல் எப்போதும் டீக் கறை இருக்கும். எத்தனை தாளில் போட்டேன் என்று எனக்கே தெரியாது. நான் நாமக்கல்லில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவன். இரண்டு பக்கமும் விசை கொடுத்தால் நடுவில் இருக்கும் லேசான பெட்டிக்கு என்ன ஆகும் என்று படம் போட்டு விளக்கத் தெரிந்தவன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

ரஹீம் மட்டும் போட மாட்டார். சேலம் அம்மாபேட்டைக்காரர், என்னைவிட நாலு வயது சின்னவர். கேஜில் முள் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே பேனாவைத் திறப்பார். அதற்காக அவரை 'முள் பாய்' என்று கேலி செய்தோம். கேலியைத் தொடங்கியதும் நான்தான் என்று நினைக்கிறேன்.

விபத்து நடந்த அன்று காலை பதினொரு மணி. சிமெண்ட் மூட்டை ஏற்றிய நாற்பத்திரண்டு பெட்டி. கார்டு பழனிவேல், வெண்ணந்தூர்த் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. பேங்கரில் இருந்த ரஹீம், பைப் மாட்டாமல் நகர மாட்டேன் என்றார். ஸ்டேஷன் போனில் கன்ட்ரோலர் என்னைக் கூப்பிட்டார்.

"ஏய்யா மணி, அங்க என்ன கல்யாணமா நடக்குது? பின்னால எக்ஸ்பிரஸ் நிக்குது. எடுய்யா வண்டிய."

"பாய் பைப் போடோணும்ங்கிறாருங்க சார்."

"அவரு முள்ளையே பாத்துக்கிட்டு உக்காரட்டும். நான் அவரு மேல ரிப்போர்ட் எழுதிக்கிட்டு உக்காந்திருக்கேன்னு சொல்லு."

வண்டியின் கடைசிவரை நடந்து போனேன். ரஹீம் இன்ஜின் படியில் நின்றார்.

"பாய், இன்னிக்கு ஒருநாளு உடுங்க."

"ஒருநாளு ஒருநாளுன்னே வருசம் ஓடிப்போச்சுங்கண்ணா. இந்தப் பழனிவேலப் பாருங்க, நடுவுல உக்காந்திருக்கான். முன்னால நீங்க புடிச்சுப் பின்னால நான் தள்ளுனா இவன் என்னாவான்?"

பழனிவேல் வேன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னாவேன், உளுந்தமாவு ஆவேன். அரைச்சு வடை சுட்டுருங்க. ஏனுங்க பாய், எனக்கு உச்சி ஸ்டேஷன்ல சோறு ஆறிப்போகுதுங்க. கெளம்புங்க சாமி."

நான் ரஹீமிடம் சொன்னேன்: "நான் பிரேக்குல கை வெக்கறதுக்கு முன்னால வாக்கி-டாக்கில 'பாய், நிறுத்து'ன்னு ரெண்டு தடவ சொல்லுவேன். சொல்லாம கை வெக்க மாட்டேன். எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?"

"ஆளு மேல நம்பிக்கை வெச்சே ஓட்டலாம்னா கேஜு எதுக்குங்கண்ணா?" என்றார். பிறகு தலையை ஆட்டினார். "சரி. நீங்க சொல்றீங்க, வாரேன்."

தாளை நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல மாட்டியாச்சுன்னு எழுதியிருக்குது. மாட்டலையே. இதுல நான் போட மாட்டேன்."

என் கையெழுத்தும் பழனிவேல் கையெழுத்தும் மட்டும் இருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.

3. கிழங்கு டிராக்டர்

ஒரு சின்ன விசில் கொடுத்தேன். பின்னாலிருந்து ஒரு சின்ன விசில் பதிலுக்கு வந்தது. வண்டி ஏறத் தொடங்கியது. மூன்றாவது வளைவு தாண்டும்போது இன்ஜின் சூடு ஏறுகிறதா என்று பார்க்க என் உதவி டிரைவர் பின்னால் இன்ஜின் அறைக்குள் போனார். வாக்கி-டாக்கி அவர் சீட்டுப் பக்கம் கொக்கியில் தொங்கியது.

வளைவு முடிந்ததும் கேட் இல்லாத ஒரு லெவல் கிராசிங். ஜவ்வரிசி செய்யும் சேகோ பேக்டரிக்கு மரவள்ளிக்கிழங்கு ஏற்றிப் போன டிராக்டரின் டிரெய்லர் தண்டவாளத்துக்கு நடுவில் சிக்கி நின்றது. இரண்டு பேர் அதைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

கை பிரேக்குக்குப் போனது. அதற்கு நான் வருந்தவில்லை. ஆனால் மறு கை சும்மாதான் இருந்தது. வாக்கி-டாக்கி எட்டும் தூரத்தில் தொங்கியது. நான் அதை எடுக்கவில்லை. பயத்தில் கை வரவில்லை என்றால்கூட மன்னிக்கலாம். அதுவும் இல்லை. என் நினைவிலேயே அது இல்லை. பின்னால் ஒருவர் என் வார்த்தையை நம்பித் தள்ளிக்கொண்டிருக்கிறார் என்பதே நினைவில் இல்லை. பிரேக் போட்டால் பெட்டிகளுக்கெல்லாம் பைப் சொல்லும் என்று முப்பது வருடம் பழகிய உடம்பு, அன்று பேங்கருக்கும் பைப் சொல்லும் என்றே இருந்துவிட்டது.

டிராக்டருக்குச் சற்று முன்னால் இன்ஜின் நின்றது. தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். விட்டு முடிப்பதற்குள் பின்னால் பாறைக்கு வெடி வைத்தாற்போல ஒரு சத்தம். என் சீட்டு வரை அதிர்ந்தது. கொக்கியில் தொங்கிய வாக்கி-டாக்கியில் ரஹீமின் குரல் வந்தது.

"அண்ணா, என்னங்க இது? அண்ணா! வேன் சாஞ்சிருச்சுங்க. பழனிவேலு உள்ள இருக்கான்."

அன்று அந்த வாக்கி-டாக்கியில் வந்த முதல் வார்த்தை அதுதான்.

நாற்பத்திரண்டு பெட்டியையும் தாண்டி ஓடினேன். வேன் தண்டவாளத்திலிருந்து தூக்கி எறியப்பட்டுப் பாறைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. ரஹீம் உள்ளே புகுந்து, வளைந்த இரும்பைத் தோளால் தூக்கிக்கொண்டிருந்தார். ஓர் ஆள் தூக்கக்கூடிய இரும்பு அல்ல அது. பழனிவேலுக்கு நினைவு இருந்தது. "பாய், சோறு ஆறிப்போச்சு போங்க" என்றார். சேலம் ஆஸ்பத்திரியில் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

நான் முன்னால் திரும்பி வந்தபோது டிராக்டர் போய்விட்டிருந்தது. தண்டவாளத்தில் இரண்டு கிழங்கு மட்டும் கிடந்தன.

4. ஒரு பேர் போதும்

விசாரணைக்கு முதல் நாள் ஒரு மேலதிகாரி என்னைத் தன் அறைக்கு வரச்சொன்னார். கதவைச் சாத்தினார்.

"மணி, பைப் மாட்டாம ஓடுச்சுன்னு எழுதினா, எத்தனை நாளா இப்படி ஓடுதுன்னு கேப்பாங்க. யாரு ஓட்டச் சொன்னான்னு கேப்பாங்க. கன்ட்ரோல் வரும், நான் வருவேன், நீயும் வருவே. எதுக்கு இத்தனை பேரு? ஒரு பேர் போதும். யோசிச்சுக்க."

யோசித்தேன். அவர் மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் உண்டு. பின்னால் எக்ஸ்பிரஸ் நிற்கிறது என்று கத்திய கன்ட்ரோலர் மேலும் உண்டு. ஆனால் அவர்கள் யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை.

என் கையெழுத்து என் பையில் இருந்தது. அடிவாரத்தில் பைப் மாட்டியிருந்தது, சோதித்தேன், இதோ தாள் என்று கொடுத்தேன். உச்சியில் நிற்காமல் பின்தங்குவதற்காகப் பேங்கர் டிரைவர் அதற்குப் பிறகு கழற்றியிருப்பார் என்றேன். அவர் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று பாருங்கள், முதலிலேயே அந்த எண்ணம் இருந்திருக்கிறது என்றேன். நேர்மையாக ஒரு மனிதர் காலியாக விட்ட இடத்தையே அவருக்கு எதிரான சாட்சியாக்கினேன். பிரேக் போடுமுன் வாக்கி-டாக்கியில் இரண்டு முறை கூப்பிட்டேன் என்றும் சொன்னேன். உதவி டிரைவர் அப்போது இன்ஜின் அறைக்குள் இருந்ததால் என் பக்கத்தில் அதை மறுக்க ஆளில்லை.

ரஹீமை உள்ளே அழைத்தார்கள்.

"பைப் போடவே இல்லீங்க. அதனாலதான் நான் கையெழுத்துப் போடல."

"போடலைன்னா வண்டிய ஏன் தள்ளுனீங்க?"

ரஹீம் என் பக்கம் திரும்பினார். "மணியண்ணன் வார்த்தை குடுத்தாருங்க. சொல்லிட்டுத்தான் பிரேக் போடுவேன்னாரு."

"அப்படி ஏதாச்சும் சொன்னீங்களா?" என்று என்னைக் கேட்டார்கள்.

"இல்லீங்க சார்."

மேசை விரிப்பில் ஒரு மைக்கறை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்கு முந்தைய வாரம் ஆஸ்பத்திரிக்குப் பழங்கள் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். பழனிவேல் பழங்களைப் பார்க்கவில்லை.

"டிரைவரய்யா, வாக்கி-டாக்கி எங்காதோரம் இருந்துச்சுங்க. நீங்க ஒண்ணும் சொல்லலீங்க. சொல்லியிருந்தா நான் குதிச்சிருப்பேன். அந்த வேகத்துல கொழந்தகூடக் குதிக்குமுங்க."

அவர் வாக்குமூலத்திலும் அப்படியே கொடுத்திருந்தார். பைப் மாட்டாத தாளில் தானும் கையெழுத்துப் போட்டதை ஒப்புக்கொண்டு, தன் தலையையும் சேர்த்தே கொடுத்திருந்தார். கார்டு இப்படிச் சொல்கிறாரே என்று என்னிடம் கேட்டார்கள். "ரத்தம் ரொம்பப் போயிருச்சுங்க சார், அவருக்கு நெனவு குழம்பியிருக்குது" என்றேன். காலை இழந்தவனின் உண்மையையும் பறித்துக்கொண்டேன். நான் செய்ததிலெல்லாம் இதுதான் கீழானது.

5. மணல்

ரஹீமை இன்ஜினிலிருந்து இறக்கி, இன்ஜின்களைப் பராமரிக்கும் ஷெட்டில் மணல் அறைக்கு மாற்றினார்கள். ஏற்றத்தில் சக்கரம் வழுக்காமல் இருக்கத் தண்டவாளத்தில் மணல் விடுவோம். அதைச் சலித்து, ஈரம் போக வறுத்து, இன்ஜின் பெட்டிகளில் நிரப்பும் வேலை. ஈர மணல் குழாயில் அடைத்துக்கொண்டால் ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும்.

நான் ஓய்வு பெறும்வரை மலைக்குப் போன ஒவ்வொரு முறையும் அவர் நிரப்பிய மணலில்தான் ஏறினேன். ஒரு நாளும் மணலில் ஈரம் இல்லை. ஒரு நாளும் குறையவில்லை. "மணல் போதுங்களா சார்?" என்பார். "போதும்" என்பேன். எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். அண்ணா என்று அவர் என்னை அதன்பிறகு கூப்பிடவே இல்லை.

இளம் டிரைவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு மூன்று மாதம் எல்லோரும் ஒழுங்காகப் பைப் மாட்டினார்கள். நான்காவது மாதம் ஊமைப் பேங்கர் திரும்பி வந்தது. ஏன் வராது? தவறு ஒரு தனி ஆளுடையது, அந்த ஆளைத் தூக்கியாயிற்று என்று அறிக்கையில் இருந்தது. முறை சரியாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். என் பொய் ரஹீமை மட்டும் அழிக்கவில்லை. அதற்குப் பின் அந்த மலையில் வேனில் உட்கார்ந்து போன ஒவ்வொரு கார்டையும் இரண்டு இன்ஜினுக்கு நடுவில் திரும்ப உட்கார வைத்தது. இன்னொருவருக்குக் கால் போகாதது யாருடைய திறமையாலும் அல்ல.

6. அம்மாபேட்டை

வகுப்பில் அந்தச் சிரிப்பைக் கேட்ட மறுநாள் அம்மாபேட்டைக்குப் போனேன். ரஹீம் கதவைத் திறந்தார். தாடி வெளுத்திருந்தது.

"வாங்க சார். உக்காருங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். தாள், வாக்கி-டாக்கி, ஆஸ்பத்திரி, எல்லாம். சொல்லி முடித்ததும்தான் அவருக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையில் ஒரே முறை அவர் குரல் உயர்ந்து கேட்டேன்.

"இத எங்கிட்ட எதுக்குங்க சொல்றீங்க? எனக்குத் தெரியாதா? கேஜப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தவன் நான்தானே. தெரியாதவங்ககிட்டச் சொல்லுங்க!"

"மன்னிப்புக் கேக்கலாம்னு வந்தேன் பாய்."

"பழனிவேலு செத்து ரெண்டு வருசம் ஆச்சு. அவனுக்கும் சேத்து நான் மன்னிக்கறதுங்களா?" பிறகு சொன்னார்: "எம்பேரன் ரயில்வே பரீட்சை எழுதியிருக்கான். டிரைவர் வேலைக்கு. பாஸ் ஆயிட்டா அந்த வகுப்புலதான் போயி உக்காருவான். அவன் தாத்தா பேரச் சொல்லிச் சிரிப்பாங்க. அவனும் சேந்து சிரிக்கோணுமா சார்?"

எழுந்து வீட்டுக்கு வந்தேன். இதை எழுதினேன். எழுதியதை எடுத்துக்கொண்டு திரும்பவும் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். ஓர் இடத்தில் விரல் நின்றது.

"இங்க 'அன்றைய சூழ்நிலை காரணமாக'ன்னு போட்டிருக்கீங்க. இந்தச் சூழ்நிலைங்கறவரு எந்த ஷெட்டு? நான் அவரப் பாத்ததே இல்லையே. அன்னிக்கு ரூம்ல நீங்கதான இருந்தீங்க?"

அந்த வரியை அடித்தேன். நீங்கள் படிப்பது அது இல்லாத பிரதி.

பேங்கர் வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். மாட்டியாயிற்று என்று தாள் சொன்னால் இறங்கிப் போய்ப் பாருங்கள். முள் இறங்குவதைப் பார்க்காமல் பேனாவைத் திறக்காதீர்கள். என்னைப் போன்ற ஒருவன் வந்து, என் மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டால், இல்லை என்று சொல்லுங்கள்.

பயிற்றுநர்களுக்கும் ஒன்று. வகுப்பில் உதாரணத்துக்கு ஒரு பேர் வேண்டுமென்றால் ரஹீம் பாய் பேரை விடுங்கள். எருமப்பட்டி சுப்பிரமணியம் என்று என் பேரைச் சொல்லுங்கள். தாராளமாகச் சிரிக்கலாம்.

ரஹீம் படித்து முடித்துத் தாள்களை அடுக்கி என்னிடம் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன்.

"இருங்க சார்" என்றார். "முதல்ல இருந்து ஒருக்கா படிங்க. படிச்சுட்டுப் போடுங்க."

அவர் எதிரிலேயே உட்கார்ந்து முதல் வரியிலிருந்து மறுபடியும் படித்தேன். இருபது நிமிடம் ஆயிற்று. அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.